உட்கார்ந்தவனுக்குத்தான் குளிர்

காலை ஆறே முக்கால். மேசைமேல் இருக்கும் சின்ன வெப்பமானி 17 டிகிரி காட்டுகிறது. ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவு தெரிய வேண்டிய இடத்தில் வெள்ளையாக மஞ்சு. கணினியைத் திறந்து கடவுச்சொல்லை அடிக்கிறேன். தவறு என்கிறது. மறுபடி அடிக்கிறேன். மறுபடியும் தவறு. மோதிர விரலும் சுண்டு விரலும் நான் சொல்வதைக் கேட்கிற நிலையில் இல்லை. சமையல்கட்டில் அத்தை, காலுறை மாட்டிய காலைச் சிலிப்பருக்குள் திணித்துக்கொண்டு நடமாடுகிறார். அவருக்கு வயது எழுபத்து மூன்று. குளிர்கிறதா என்று கேட்டால், “வேல செய்யிறவளுக்கு என்னடா குளிரு?” என்பார்.

பதினேழு டிகிரி என்று கோலாலம்பூர் நண்பர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். அலுவலக ஏர்கோனை அந்த அளவுக்கு இறக்கிவிட்டு, நாற்காலியில் ஜாக்கெட்டைத் தொங்கவிட்டு வைத்திருக்கும் ஆட்கள் அவர்கள். ஆனால் ஏர்கோனை அணைக்க ஒரு பொத்தான் உண்டு. கேமரன் மலையை அணைக்க முடியாது.

நில நடுக்கோட்டுக்குப் பக்கத்து நாட்டில், வீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன் குளிரில் நடுங்குகிறான் என்றால் அதில் ஒரு கதை இருக்கிறது. அது பாதி மலையின் கதை, பாதி இந்த வீடுகளின் கதை.

மலைக்கணக்கு எளிது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும். கேமரன் மலையிலுள்ள தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரம். அடிவாரத்துத் தாப்பாவில் வேர்த்து வழிய பஸ் ஏறியவர் மேலே வந்து இறங்கும்போது எட்டு, ஒன்பது டிகிரியைக் கீழேயே விட்டுவிட்டு வந்திருப்பார். இங்கே பகலில் 22, 23 டிகிரி வரை போகும். இரவில் 15 அளவுக்கு இறங்கும். மலேசிய வானிலை ஆய்வுத் துறை பதிவு செய்ததிலேயே மிகக் குறைந்த வெப்பநிலையும் இந்த மலையில்தான், 1978 பிப்ரவரி 1 அன்று, 7.8 டிகிரி. அந்த விடிகாலையை நேற்று நடந்ததுபோல் விவரிக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒவ்வொருவர் சொல்லும்போதும் ஒரு டிகிரி குறையும்.

எண்ணைவிடக் கொடுமையானது ஈரம். வருடம் முழுக்க மழை. நவம்பர் தொடங்கி வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் கொடியில் போட்ட சட்டை மூன்று நாளானாலும் காயாது. நான்காம் நாள் காலை, ‘காஞ்சிருச்சு’ என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொண்டு அதைப் போட்டுக்கொள்கிறோம். அலமாரியில் புத்தக முதுகுகளில் சாம்பல் நிறப் பூஞ்சணம். துணி சூடு தருவது அதற்குள் அடைபட்டிருக்கும் காற்றால்தான். அந்தக் காற்று இருக்க வேண்டிய இடத்தில் ஈரம் புகுந்துகொண்டால், உடம்புச் சூட்டை அது வெளியே கடத்திவிடும். கம்பளி நனைந்தாலும் கொஞ்சம் தாங்கும். பருத்தி உடனே கைவிரித்துவிடும். நமக்குப் பிடித்ததோ பருத்தி.

துரைக்குப் புகைபோக்கி, லயத்துக்கு அடுப்பு

1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இந்த மேட்டுநிலத்தைக் குறித்துவிட்டுப் போனார். அதன்பின் நாற்பது வருடம் இதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1925இல் பிரிட்டிஷ் அதிகாரி சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகுதான், வெயிலில் வதங்கும் வெள்ளைக்காரர்களுக்கான மலைவாசத்தலம் என்ற யோசனை வேகம் பிடித்தது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1930களில் தாப்பாவிலிருந்து சாலை வந்தது, அதோடு ஓய்வு பங்களாக்களும் வந்தன. காட்டை வெட்டியதும் கன்று நட்டதும் கொழுந்தெடுத்ததும் நம்மவர்கள்.

வெள்ளைக்காரர்கள் இங்கே தேடி வந்தது குளிரைத்தான். தேடி வந்ததை எப்படி அனுபவிப்பது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பங்களாவுக்குள் கல்லில் கணப்பிடம், கூரைக்கு மேலே புகைபோக்கி, கணப்புக்கு முன்னால் நாய் படுக்க ஒரு விரிப்பு. அந்தக் காலத்துக் கட்டடங்கள் சில இன்னும் ஓட்டல்களாக நிற்கின்றன. சாயங்காலம் விறகு போட்டு எரித்து, பக்கத்தில் ஸ்கோனும் ஸ்ட்ராபெரி ஜாமும் வைக்கிறார்கள்.

தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அப்படி ஒன்றும் கிடையாது. நான் பிறந்த வீடு (அத்தை மகன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பதால் இன்னும் எங்களிடம் இருக்கும் வீடு) கீழ்நாட்டு ரப்பர் தோட்டத்து வீட்டை அப்படியே தூக்கிக்கொண்டுவந்து மலைமேல் வைத்த மாதிரி இருக்கும். மேலே தகரம், கீழே சிமெண்டுத் தரை. காற்று வர வேண்டும் என்று கதவுக்கு மேலே ஓட்டை வைத்த பலகை. ஜன்னலில் கண்ணாடிப் பட்டைகள், நாங்கள் ‘நாக்கோ’ என்போம். எப்படித் திருகினாலும் பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி நிற்கும். புழுக்கத்தை வெளியேற்ற யோசித்து யோசித்துக் கட்டிய வீடு. புழுக்கமே இல்லாத ஊரில் கட்டியதுதான் வேடிக்கை. அந்த இடைவெளிகளை அம்மா பழைய ‘தமிழ் நேச’னைச் சுருட்டி அடைப்பார். 1924இல் தொடங்கிய அந்த நாளேடு 2019இல் நின்றுபோனது. எங்கள் ஜன்னலில் அதன் கடைசிச் சில மாதங்கள் இன்னும் இருக்கின்றன.

லயத்து வீட்டில் சூடான இடம் ஒன்றே ஒன்று, அடுப்படி. விறகடுப்பு இருந்தவரை அதுதான் எங்கள் கணப்பிடம். கேஸ் வந்தது. அம்மாவின் இருமல் குறைந்தது, சமையல்கட்டும் குளிர்ந்துபோனது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் லாபம்தான். ஆனாலும் சாயங்காலத்தில் எல்லோரும் கூடி உட்கார்ந்திருந்த இடம் ஒன்று அதோடு போய்விட்டது.

குளிர் காய்வது நமக்குப் புதிதும் இல்லை. நெடுநல்வாடை எழுதிய நக்கீரர், வாடைக்காலத்தில் அகன்ற வாய்த் தடவில் நெருப்பு மூட்டிக் காய்கிறவர்களைக் காட்டியிருக்கிறார். விசிறிகள் தொங்கவிடப்பட்டுக் கிடப்பதும், ஜன்னல் கதவுகள் சாத்திக் கிடப்பதும்கூட அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. கப்பலேறி வந்தபோது கணப்புச் சட்டியை மட்டும் எங்கோ தவறவிட்டுவிட்டோம்.

தோட்டத்தில் இருந்த ஒரே மேசை

முன்பெல்லாம் தோட்டத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். காலையில் பேர் கொடுக்கும் பெரட்டு முடிந்ததும் எல்லோரும் மலையேறிவிடுவார்கள். இடுப்பில் சாக்கோ பிளாஸ்டிக்கோ கட்டி, தலையில் துணி சுற்றி, பூட்ஸ் மாட்டி, முதுகில் கூடையோடு. ஈரச் செடி உரசி உரசி இடுப்புக்குக் கீழே நனையும். ஆனாலும் ஏற்றம் ஏறுகிற உடம்பு தானே அடுப்பாக எரியும். இலங்கையின் மலைநாட்டிலும் நீலகிரியிலும் நம் ஆட்கள் கறுப்புக் கம்பளியைத் தலைவழியே போர்த்திக்கொண்டு போனார்கள். பகலில் அது மழைக்கோட்டு, இரவில் போர்வை.

எங்கள் அப்பா உட்கார்ந்தவர். கொழுந்தெடுத்த குடும்பத்திலிருந்து ஆபீசுக்குள் போன முதல் ஆள், சின்னக் கிராணி. செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் போடுவது அவர் வேலை. பள்ளி விட்டதும் நான் அங்கேதான் போவேன். அவருடைய மேசைக்கு அடியில் ஒரு பலகை கிடக்கும். தேயிலை அடைக்கும் பெட்டியின் பக்கப் பலகை, உள்பக்கம் ஈயத்தாள் ஒட்டியது. அதில் இரண்டு பாதம் அளவுக்கு வழுவழுவென்று தேய்ந்திருக்கும். தரை அழுக்காகாமல் இருக்கப் போட்டிருக்கிறார் என்று ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அதற்கு முந்தைய நாள் நான் கோலாலம்பூரிலிருந்து மலையேறிவிட்டேன். இரண்டு வாரம் என்றார்கள். கையில் மடிக்கணினி, பையில் நான்கு டி-சட்டை. அந்த வருடம் எல்லா வீட்டிலும் ஒரு மேசை முளைத்தது. மேசை இல்லாத வீட்டில் தையல் மெஷின் மேசையானது. 2021 ஜனவரியில் பள்ளி ஆண்டே வீட்டிலிருந்து தொடங்கியபோது, இல்லிருப்புக் கற்றல் என்ற புதுச்சொல்லோடு பிள்ளைகளும் உட்கார்ந்துவிட்டார்கள். அதுவும் மலையில் குளிர் கூடி நிற்கும் மாதத்தில். அடுத்த வீட்டுப் பையன் கோணிச் சாக்குக்குள் இடுப்புவரை இறங்கி நின்று, அப்படியே தத்தித் தத்திப் போய் நாற்காலியில் உட்கார்வான். ஆசிரியருக்குத் திரையில் தெரிந்தது இஸ்திரி போட்ட பள்ளிச்சட்டை மட்டும்தான்.

ஒரு தலைமுறை மொத்தமும் ஒரே நேரத்தில் கிராணியானது. வீடு மட்டும் லயமாகவே இருந்தது.

ஐந்தாவது நாளே எனக்கு விரல் விறைக்க ஆரம்பித்தது. வெந்நீரில் கை வைப்பேன். பத்து நிமிடம் நன்றாக இருக்கும், பிறகு பழைய கதைதான். கை குளிர்ந்தால் கையைச் சூடாக்க வேண்டும் என்றுதானே யாருக்கும் தோன்றும். அத்தை வந்து என் கையைப் பிடித்துப் பார்த்தார். பிறகு குனிந்து பாதத்தைத் தொட்டார்.

“கையி என்னடா பண்ணும்? காலு ஐஸாட்டம் கெடக்கு. கீழ இருந்துதான் ஏறும். மொதல்ல கால மூடு.”

படித்துப் பார்த்தபோது அத்தை சொன்னதற்கும் உடலியல் புத்தகத்துக்கும் அதிக தூரம் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள் ஏறத்தாழ 100 வாட் வெப்பம் வெளியிடுகிறார், அந்தக் காலத்துக் குண்டு பல்பு ஒன்றின் அளவு. சரிவில் ஏறினால் அது பல மடங்காகும். உட்கார்ந்தவுடன் வரவு குறைகிறது. செலவு குறைவதில்லை. அப்போது உடம்பு கறாரான கங்காணியாகிவிடும். இதயம், ஈரல், மூளை என்ற பெரிய வீட்டுக்கு முதலில் படியளந்துவிட்டு, கை கால் நுனிக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். விரல் விறைப்பது விரலின் குற்றமில்லை, மொத்த உடம்பின் பற்றாக்குறை. காலையும் நடு உடம்பையும் சூடாக வைத்தால் கங்காணி மனமிரங்கிக் கைக்கும் கொஞ்சம் அனுப்புவான்.

1941இல் ஆய்வாளர்கள் உடையின் கதகதப்பை அளக்க ‘க்ளோ’ என்ற அலகை வைத்தார்கள். 21 டிகிரி அறையில் சும்மா உட்கார்ந்திருப்பவர் சௌகரியமாக இருக்க எவ்வளவு துணி வேண்டுமோ, அதுதான் 1 க்ளோ. கோட்டும் சூட்டும் போட்ட ஆள் என்று வைத்துக்கொள்ளலாம். நம் கைலியும் பனியனும் அதில் பாதிகூடத் தேறாது. அறையோ 17 டிகிரி. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வீட்டுவசதி வழிகாட்டுதலில் குளிர்ப்பகுதி வீடுகளுக்கு 18 டிகிரியாவது இருக்க வேண்டும் என்கிறது. அந்தப் பட்டியலில் மலேசியாவைச் சேர்க்க யாருக்கும் தோன்றாது என்பது வேறு விஷயம்.

வேலை கெடுகிறது என்பதற்கும் ஆதாரம் உண்டு. 2004இல் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் ஹெட்ஜ், ஃப்ளோரிடாவில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் தட்டச்சு செய்பவர்களைக் கவனித்தார். 25 டிகிரியில் பிழை நூற்றுக்குப் பத்து. 20 டிகிரியில் இருபத்தைந்து. குளிரான அறையில் அவர்கள் பாதி நேரம்தான் தட்டச்சே செய்தார்கள். ஒன்பது மேசைகளை வைத்துச் செய்த சின்ன ஆய்வு, கல்லில் பொறிக்க வேண்டிய உண்மையில்லை. ஆனால் நான் ஒரு தடவை ‘மதிப்பிற்குரிய’ என்பதை ‘மிதிப்பிற்குரிய’ என்று அடித்து வாடிக்கையாளருக்கே அனுப்பியவன். எனக்கு அந்த ஒன்பது மேசையே போதும்.

முதலில் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிட வேண்டும். ஈப்போவிலிருந்து ஒரு ஹீட்டர் தருவித்தேன். 2,000 வாட். எட்டு மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 16 யூனிட். மேலே போன சூடு கதவுக்கு மேலிருந்த ஓட்டை வழியாக வெளியேறி, கேமரன் மலையின் வானத்தைச் சூடாக்கப் போய்விட்டது. தகரக் கூரையில் குடியிருந்த பல்லிக்கு நல்ல காலம். மாதக் கடைசியில் பில்லைப் பார்த்த அத்தை, ரிங்லெட் அணையில் தேங்கும் தண்ணீர் மின்சாரமாகி என் ஒருவனுக்கே வருகிறதா என்று கேட்டார்.

கரியடுப்பு யோசனையும் வந்தது, பக்கத்து வீட்டுத் தாத்தாவின் ஆலோசனை. அதை மட்டும் அத்தை வாசலிலேயே தடுத்துவிட்டார். அவர் செய்தது சரி. மூடிய அறையில் கனியும் கரி கார்பன் மோனாக்சைடை விடும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலிக்கிறது, தூக்கம் வருகிறது என்று சாய்கிறவர் எழுந்திருக்காமலே போகலாம். காஷ்மீரத்தில் அங்கிக்குள் காங்கிரி என்ற நெருப்புச் சட்டியைச் சுமந்தே குளிர்காலத்தைக் கழிப்பார்கள். வருடக்கணக்காகச் சூடு பட்ட தோலில் வரும் புற்றுநோய்க்கு அந்தச் சட்டியின் பெயரையே மருத்துவர்கள் வைத்திருக்கிறார்கள். மண்ணெண்ணெய் ஹீட்டரும் வேண்டாம். ஒரு லிட்டர் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக அறைக்குள் சேரும். ஏற்கெனவே பூஞ்சணம் பூத்த வீட்டுக்கு அது வேறா?

ஆகவே அறையை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தோம். மேசையின் மூன்று பக்கமும் பழைய கம்பளியைத் தரைவரை தொங்கவிட்டு, விளிம்பில் ஆணி அடித்தேன். ஜப்பானியர் ‘கொத்தாட்சு’ என்று இதையே அழகாகச் செய்வார்கள். தாழ்வான மேசை, மேலே மெத்தை விரிப்பு, அடியில் ஒரு கணப்பு. குடும்பமே காலை உள்ளே நீட்டி உட்காரும். என் மேசைக்கு அடியில் கணப்புக்குப் பதில் ஒரு ரப்பர் வெந்நீர்ப் பை. கொதிக்கக் கொதிக்க ஊற்றக் கூடாது, ரப்பர் கெட்டுவிடும். கொதித்தபின் சற்று ஆறவிட்டு, முக்கால் பை நிரப்பி, காற்றை அமுக்கி வெளியேற்றி மூடி, துண்டில் சுற்றிப் பாதத்துக்கு அடியில் வைக்க வேண்டும். 80 டிகிரியில் ஊற்றிய ஒரு லிட்டர் தண்ணீர் 40 டிகிரிக்கு இறங்குவதற்குள் சுமார் 46 வாட்-மணி வெப்பம் தரும். அதைக் காய்ச்ச ஒரு யூனிட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மின்சாரம் போதும். கம்பளிக்குள் அது இரண்டரை, மூன்று மணி நேரம் தாங்குகிறது. தொடைமேல் மணிக்கணக்கில் வைத்துக்கொள்வது மட்டும் கூடாது. தோலில் வலைபோல் பழுப்புக் கோடுகள் விழும். மடிக்கணினியை மடியிலேயே வைத்திருப்பவர்களுக்கும் வருவதுண்டு.

பையை வைத்த அன்று பாதத்துக்குக் கீழே சிமெண்டுத் தரை மட்டும் விடாமல் உறிஞ்சிக்கொண்டிருந்தது. மேலே எத்தனை மூடினாலும் அடியில் ஓட்டைக் குடம். அப்போதுதான் அப்பாவின் மேசைக்கு அடியில் கிடந்த பலகை நினைவுக்கு வந்தது. மரம், ஈயத்தாள், தேய்ந்த இரண்டு பாதம். முப்பது வருடம் அவர் யாரிடமும் குளிர்கிறது என்று சொன்னதில்லை. கிராணி சொல்லிவிட முடியுமா? வெளியே மழையில் நிற்பவர்களுக்கு அல்லவா பேர் போட்டுக்கொண்டிருந்தார்.

உடைக்குப் பிரிஞ்சாங் இரவுச் சந்தையான பசார் மாலாமில் பண்டல் துணி. யாரோ ஜப்பானிலோ கொரியாவிலோ போட்டுக் கழித்த கம்பளி ஸ்வெட்டர். நாட்டின் மற்ற பகுதிகளில் விலை போகாதது இங்கே குவியலாகக் கிடக்கும். கனமான ஒன்றைவிட மெல்லியதாக இரண்டு மேல், நடுவில் காற்று நிற்கும். விரல் நுனி வெட்டிய கையுறை ஒன்று. கழுத்துக்கு அத்தையின் பழைய துண்டு. மணிக்கொரு முறை எழுந்து லயத்துக் கோடிவரை நடந்து வருகிறேன். எல்லாவற்றிலும் மலிவான ஹீட்டர் அதுதான்.

தேநீர் பற்றி ஒரு கசப்பான உண்மை. தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லலாமா தெரியவில்லை. ஒரு கோப்பைத் தேநீர் உடம்புக்குக் கொண்டுவரும் வெப்பம் ஐந்து கிலோ கலோரிகூட இல்லை. உடம்பு சும்மா இருந்தே மூன்று நான்கு நிமிடத்தில் உண்டாக்கிவிடும் அளவு. இஞ்சி போட்டாலும் கணக்கு மாறாது. கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருக்கும் நேரம்தான் லாபம். அடிக்கடி குடித்தால், குளிரில் அடிக்கடி கொல்லைப்பக்கம் ஓட வேண்டியதும் வரும். அது நிகர நஷ்டம்.

தோட்டத்திலேயே குளிர் தெரியாத இடம் தொழிற்சாலைதான். வாட்டும் தட்டுகளுக்கு அடியிலிருந்து காற்று ஏறும். உலர்த்தியின் வாயில் 90 டிகிரிக்கு மேல் அனல். கொழுந்து அங்கே ஈரம் நூற்றுக்கு மூன்று என்ற அளவுக்குக் காய்ந்து வெளியே வரும். அத்தை மகன் இரவு வேலை முடிந்து வரும்போது சட்டையில் தேயிலை வாசமும் சூடும் சேர்ந்து வரும். இலைக்கு எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம் என்று அத்தனை துல்லியமாகக் கணக்கு வைத்திருக்கும் ஊர் இது.

சனிக்கிழமையானால் கீழ்நாட்டுக் கார்கள் வரிசையாக ஏறும். ஓட்டல் விளம்பரங்களில் ஸ்ட்ராபெரிக்குப் பக்கத்தில் குளிர் ஒரு சரக்காகப் போடப்பட்டிருக்கும். குடும்பம் குடும்பமாக இறங்கி, வாயிலிருந்து புகை வருகிறதா என்று ஊதிப் பார்ப்பார்கள், புது ஸ்வெட்டரில் படம் எடுப்பார்கள். எனக்கு அவர்கள்மேல் வருத்தம் இல்லை. இரண்டு ராத்திரிக் குளிர் நல்ல குளிர்தான். படம் எடுக்கிற சரிவில் இப்போது கத்தரியும் இயந்திரமும் பிடித்து நிற்பவர்கள் பெரும்பாலும் வங்கதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். எங்கள் பழைய லயங்களில் அவர்களும் நாக்கோ இடைவெளியில் எதையோ அடைத்திருக்கிறார்கள். நான் பார்த்த ஒரு ஜன்னலில் அட்டைப்பெட்டித் துண்டு, அதில் வங்காள எழுத்து.

பத்து மணிக்கு மஞ்சு விலகும். வெப்பமானி 20ஐத் தொடும். நான் ஒரு ஸ்வெட்டரைக் கழற்றுவேன். சரியாக அந்த நேரத்துக்கு அத்தை வந்து மேசைத் திரையை விலக்கி, என் காலடியிலிருந்து பையை உருவிக்கொண்டு போவார். உள்ளே இருப்பது இன்னும் வெதுவெதுப்பான தண்ணீர். சிங்க்கில் அதை ஊற்றித்தான் காலைப் பாத்திரங்களின் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவுகிறார்.

“என்ன அத்தை, என் கால் வெச்ச தண்ணி.”

“பைக்குள்ளதான இருந்துச்சு. எந்திரிச்சு நடடா.”